புதுச்சேரி ஒரு நாள் டூர்: வாய்க்காலைத் தாண்டி யாரும் போவதில்லையே, ஏன்?

சனிக்கிழமை காலை ஏழு மணி. புதுச்சேரி ரோமன் ரோலண்ட் வீதியில் ஒரு மஞ்சள் சுவர். அதன் மேல் காகிதப் பூக்கள் படர்ந்திருக்கின்றன. சுவருக்கு முன்னால் நாலைந்து பேர், அவர்களுக்குப் பின்னால் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் இன்னும் நாலைந்து பேர். ஒருவர் போஸ் கொடுக்க, இன்னொருவர் போனைத் தரையோடு தாழ்த்தி வீடியோ எடுக்கிறார். அடுத்த ஸ்டாப் பீச், அதற்கடுத்து கஃபே, பிறகு ஆரோவில். சாயங்காலம் ஈசிஆரில் ரிட்டர்ன்.

சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், மூன்று மணி நேரப் பயணம். அதனால் புதுச்சேரி பலருக்கும் 'வீக்எண்டுக்குப் போயிட்டு வந்துடலாம்' ரகம். டூர் வேனில் போனாலும், வாடகை ஸ்கூட்டியில் சுற்றினாலும் பார்க்கும் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான்: காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், போர் நினைவுச் சின்னம், ஆயி மண்டபம், மணக்குள விநாயகர் கோயில், அரவிந்தர் ஆசிரமம், கலர் கலரான பிரெஞ்சு வீதிகள். மேப்பில் புள்ளி வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். ஆரோவிலை விட்டுவிட்டால், இவை எல்லாமே கடலுக்கும் ஒரு வாய்க்காலுக்கும் இடைப்பட்ட சில வீதிகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

வாய்க்காலுக்கு மேற்கே என்ன இருக்கிறது? ஷாப்பிங்குக்காக நேரு வீதி வரை எல்லோரும் போகிறார்கள். ஆனால் 'பார்க்க' யாரும் போவதில்லை. இது ஏதோ ரசனை சார்ந்த விஷயம் என்று விட்டுவிட முடியாது. டூர் பாதை எந்தத் தெருவில் போகிறதோ அந்தத் தெருவில் பணம் புழங்குகிறது. எந்தப் பழைய வீடு நிற்கும், எது இடிபடும் என்பதையும் அந்தப் பணம் ஓரளவு தீர்மானிக்கிறது.

வாய்க்கால் எப்படிக் கோடு போட்டது?

1673-ல் பிஜப்பூர் ஆட்சியின் கீழிருந்த ஷேர்கான் லோடியிடமிருந்து பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கே இடம் கிடைத்தது. அதை நகரமாக வளர்த்தவர் பிரான்சுவா மார்ட்டின். 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். சுமார் ஆறு ஆண்டுகள்தான் வைத்திருந்தார்கள். ஆனால் குறுக்கும் நெடுக்குமாக நேர்க்கோட்டில் தெருக்கள் போகும் திட்டத்தை 1694-ம் ஆண்டு வரைபடத்தில் போட்டது அவர்கள்தான். இன்றைக்கு 'பிரெஞ்சு பிளானிங்' என்று எல்லோரும் வியக்கும் அந்தக் கட்டம் கட்டமான அமைப்பில் டச்சுக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

பிறகு ஊரை இரண்டாகப் பிரித்தது, மழைநீரும் கழிவுநீரும் ஓடிய பெரிய வாய்க்கால். கிழக்கே கடலோரம் ஐரோப்பியர்கள். அதற்குப் பெயர் 'வெள்ளை நகரம்'. மேற்கே உள்ளூர் மக்கள். அதற்குக் காலனி ஆட்சி வைத்த பெயர் 'கறுப்பு நகரம்'. மேற்குப் பகுதிக்குள்ளேயும் சாதி, மதம், தொழில் என்று தெருக்கள் பிரிந்தன. வெள்ளாளர் வீதி, கோமுட்டி வீதி, வைசியாள் வீதி, முல்லா வீதி, காஜி வீதி எனத் தெருப் பெயர்களே அதைச் சொல்லிவிடும். 'ஒயிட் டவுன்' என்ற பெயரை இன்று ஹோட்டல் விளம்பரங்கள் ரொமான்டிக்காகப் பயன்படுத்துகின்றன. அந்தப் பெயருக்குப் பின்னால் யார் எங்கே வாழலாம் என்று பிரித்து வைத்த கணக்கு ஒன்று இருக்கிறது.

பழைய புதுச்சேரி எந்தப் பக்கம் இருக்கிறது?

இங்கேதான் ஒரு ட்விஸ்ட். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைக் கைப்பற்றினார்கள். கோட்டையையும் ஐரோப்பியர் பகுதியையும் திட்டமிட்டுத் தரைமட்டமாக்கினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. பிறகு அவர்கள் கட்டி எழுப்பியதுதான் இன்று நாம் பார்க்கும் கிழக்குப் பகுதி. அதாவது ஒயிட் டவுனில் போட்டோ எடுக்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை அந்த அழிவுக்குப் பிறகு வந்தவை. கலங்கரை விளக்கம் 1836-ல் ஒளிரத் தொடங்கியது. துமா வீதியில் உள்ள 'கப்ஸ் கோயில்' எனப்படும் தேவதைகளின் மாதா ஆலயம் 1855-ல் முடிந்தது. கடற்கரைச் சாலையின் போர் நினைவுச் சின்னம் 1938-ல் வந்தது.

நகரில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் வாய்க்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். ரங்கப்பிள்ளை வீதியில், பெரிய மார்க்கெட்டுக்கு அருகே இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு அது. 1738-ல் கட்டி முடிக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் தமிழ் வீட்டு பாணியில் செதுக்கிய மரத்தூண்கள். மேல்தளத்தில் ஐரோப்பிய பாணியில் செங்கல், சுண்ணாம்புத் தூண்கள். இரண்டு உலகங்களும் ஒரே முற்றத்தைச் சுற்றி நிற்கின்றன.

வீட்டுக்காரரும் அப்படித்தான். கவர்னர் துய்ப்ளெக்ஸின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக முகவராகவும் இருந்தவர். 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு, 18-ம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றுக்கு முக்கிய ஆதாரங்களில் ஒன்று. ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் 12 தொகுதிகள். பிரெஞ்சு ஆட்சியின் உள்விவகாரங்களை ஒரு தமிழர் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியது, தெருவில் நடந்த சண்டை முதல் கவர்னர் மாளிகை அரசியல் வரை. இப்படிப்பட்ட ஒருவரின் வீடு, வழக்கமான ஒரு நாள் டூர் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

சரி, கிழக்கு மட்டும் எப்படித் தப்பித்தது?

எளிய பதில்: வீடு யார் கையில் இருக்கிறது என்பதுதான் காரணம்.

கிழக்குப் பகுதியில் பெரிய கட்டடங்கள் பல நிறுவனங்களின் கையில் உள்ளன. அரசு அலுவலகங்கள், பிரெஞ்சுத் துணைத் தூதரகம், 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரெஞ்சுப் பள்ளி, தேவாலயங்கள், 1926-ல் உருவான அரவிந்தர் ஆசிரமம். வெளிர் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருக்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல ஆசிரமத்துக்குச் சொந்தமானவை. இப்படிப்பட்ட உரிமையாளர்களுக்குப் பராமரிக்கப் பணமும் ஆளும் உண்டு. சொத்துப் பிரிப்பு என்ற பேச்சும் இல்லை. தனியார் வீடுகளும் ஹோட்டல், கஃபே என மாறி வருமானம் தருகின்றன. பழைய முகப்புதான் அங்கே முதலீடு.

மேற்கே கதை வேறு. இங்கே வீடுகள் குடும்பச் சொத்து. தாத்தா கட்டிய வீட்டுக்கு இப்போது ஐந்தாறு வாரிசுகள். சிலர் சென்னையில், சிலர் பிரான்சில். 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டில் சட்டப்படி இணைப்பு முழுமையானபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் தரப்பட்டது. அப்படித் தேர்ந்தெடுத்த தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறை பலர் அங்கேயே தங்கிவிட்டனர். வீட்டைப் பழுது பார்க்க எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். விற்றுவிட்டால் பங்கு பிரிப்பது சுலபம்.

இன்னொன்று, கட்டுமானம். தமிழ் வீட்டில் தெருவை ஒட்டிச் சாய்வுக் கூரையுடன் தாழ்வாரம், வழிப்போக்கர்கள் உட்காரத் திண்ணை, உள்ளே வானம் பார்த்த முற்றம். மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரங்கள் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டு இறுக்கிய தளம். இதைச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். தெரியாதவர்கள் மேலே சிமென்ட் பூசிவிடுகிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். சில மழைக்காலம் போனால் உத்தரம் உளுத்துவிடும். அப்புறம் 'இடிச்சுட்டு அபார்ட்மென்ட் கட்டிடலாம், கீழே நாலு ஷட்டர் போட்டா வாடகை வரும்' என்பதுதான் நியாயமான கணக்காகத் தெரியும்.

அந்தக் கணக்கைப் போடும் குடும்பத்தைக் குறை சொல்வது சுலபம். ஆனால் திண்ணையை வைத்திருப்பதால் அவர்களுக்குக் கிடைக்கும் வருமானம் பூஜ்யம்.

மாற்ற முடியாதா? ஒரு தெரு மாறியிருக்கிறது

வைசியாள் வீதி, அதாவது கல்வே சுப்பராயச் செட்டியார் வீதி, ஒரு நல்ல உதாரணம். 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியுடன் 'ஆசியா அர்பஸ்' திட்டம் இங்கே வந்தது. இன்டாக் எனப்படும் கலை, பண்பாட்டுப் பாரம்பரிய அறக்கட்டளை அதில் பணியாற்றியது. ஒரு வீட்டை மட்டும் எடுத்து அழகுபடுத்தாமல், ஒரு தெருப் பகுதியின் முகப்புகளையே வரிசையாகச் சீரமைத்தார்கள். தாழ்வாரங்களும் திண்ணைகளும் மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தன. இந்தப் பணிக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

இதிலிருந்து தெரிவது: செலவில் ஒரு பங்கை வெளியிலிருந்து யாராவது ஏற்று, வேலை தெரிந்தவர்களை அனுப்பினால் வீட்டுக்காரர்கள் சம்மதிக்கிறார்கள். ஆனால் ஒரு தெரு மாறியதால் மற்ற தெருக்கள் தானாக மாறவில்லை. திட்டம் முடிந்த பிறகும் வேலை தொடர வேண்டுமென்றால் தொடர்ந்து பணம் வர வேண்டும்.

கிழக்கு மட்டும் பத்திரமா?

அதுவும் இல்லை. கடற்கரைச் சாலையில் 1870-களில் எழுந்த மேரி கட்டடம், புதுச்சேரி நகராட்சியின் அடையாளம். பார்க்க வருபவர்கள் எல்லோரும் அதன் முன் நின்று போட்டோ எடுத்தார்கள். உள்ளே மரமும் சுண்ணாம்பும் பராமரிப்பின்றி நைந்துகொண்டிருந்தன. 2014 நவம்பர் 29-ம் தேதி, கனமழைக்கு இடையே, அது இடிந்து விழுந்தது. உலக வங்கி உதவியுடன் பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி, 2021-ல் திறந்தார்கள். இன்று அங்கே நிற்பது அதே முகம்தான். ஆனால் கட்டடம் புதுசு.

போட்டோ எடுக்க ஆயிரம் பேர் வருவதால் மட்டும் ஒரு கட்டடம் பிழைத்துவிடாது என்பதற்கு மேரி கட்டடமே சாட்சி. கூட்டத்தால் வரும் பணத்தில் ஒரு பங்காவது கூரைக்குப் போக வேண்டும்.

தனியார் வீடுகளில் வேறொரு சிக்கல். கஃபேயும் விடுதியும் பெருகப் பெருக வாடகை ஏறும். குடியிருப்பவர்கள் வெளியேறுவார்கள். வீட்டு வாசலில் விடிகாலையிலேயே போட்டோ ஷூட் நடந்தால் அங்கே வாழ்பவர்களுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? சுவர் தப்பித்தாலும், சுவருக்குப் பின்னால் வாழ்க்கை இல்லாமல் போனால் அது செட் போட்ட மாதிரிதான்.

அந்த பீச்சில் ஏன் மணல் இல்லை?

டூர் பாதையில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. 'ராக் பீச்' என்றதும் இயற்கையாகவே பாறைக் கரை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அங்கே இருப்பவை கொண்டுவந்து கொட்டிய கற்கள். முன்பு மணல் கரை இருந்தது.

நடந்தது இதுதான். இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும் பகுதியில், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்ச நாள் எதிர்த்திசையில். மொத்தக் கணக்கில் மணல் வடக்கே போகிறது. நகரத்துக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக 1980-களின் இறுதியில் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே இருந்த மணலைக் கடல் எடுத்துப் போனது, ஆனால் அதை ஈடுகட்டப் புது மணல் வரவில்லை.

நகரத்தைக் காப்பாற்றக் கற்களைக் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்தது. வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் மீனவர்களுக்குப் படகு இழுத்துப் போடக் கரை குறைந்தது. அதற்கும் வடக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ள தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் போன்ற ஊர்கள் வரை பாதிப்பு போனது. டூரிஸ்ட்டுக்கு ராக் பீச் ஒரு அழகான பேக்கிரவுண்ட். மீனவர்களுக்கு அது இழந்துபோன கரை.

2010-களின் இறுதியில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் எஃகாலான செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கியது. அலையின் வேகம் குறைந்து மணல் சேர்ந்தது. கடற்கரைச் சாலையில் திடீரென்று ஒரு சின்ன பீச் தெரிகிறதே, அது அப்படி வந்ததுதான். மணல் திரும்பும் என்பதற்கு அது நிரூபணம். மொத்தக் கரைக்கும் அது போதாது. 2022 மார்ச்சில் பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, கடல் இன்னும் ஓயவில்லை என்பதற்கு இன்னொரு அடையாளம்.

அப்போ ஒரு நாளில் என்ன பார்க்கலாம்?

பட்டியலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பாதையைக் கொஞ்சம் நீட்டினால் போதும். இரண்டு பகுதிகளும் நடந்தே முடித்துவிடும் தூரம்தான்.

காலை 6 மணி, கடற்கரைச் சாலை: மாலை 6 முதல் காலை 7.30 வரை இங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நிம்மதியாக நடக்கலாம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் ஒற்றைக்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை.

7.30, பாரதி பூங்கா: ஆயி மண்டபம் புதுச்சேரி அரசின் சின்னம். ஆயி என்ற பெண் வெட்டிய குளம் பற்றிய கதை இதற்குப் பின்னால் உண்டு. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்தரையர்பாளையத்திலிருந்து இந்தப் பகுதிக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாகக் கட்டப்பட்டது. ஒயிட் டவுன் குடித்த தண்ணீர் மேற்கிலிருந்துதான் வந்தது.

8 மணி, பிரெஞ்சு வீதிகள்: துமா, ரோமன் ரோலண்ட், சுஃப்ரேன் வீதிகள். உயரமான மதில், பெரிய கேட், உள்ளே தோட்டம். தெருவிலிருந்து வீடு விலகி நிற்பதைக் கவனியுங்கள்.

9.30, வாய்க்காலைத் தாண்டுங்கள்: வைசியாள் வீதியில் வீடுகள் தெருவைத் தொட்டு நிற்கும். மதிலுக்குப் பதில் திண்ணை. இரண்டு நகரங்களின் குணமும் இந்த ஒரு வித்தியாசத்திலேயே பிடிபடும்.

10.30, இரண்டு கவிஞர்களின் வீடுகள்: பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். பிரிட்டிஷ் போலீஸ் கைக்கு எட்டாத ஊர் என்பதால் வந்தவர். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடும் அப்படியே. இரண்டும் மேற்குப் பகுதியில்தான். திறப்பு நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

12 மணி, ரங்கப்பிள்ளை வீதி, பெரிய மார்க்கெட்: ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டை வெளியிலிருந்தாவது பாருங்கள். அங்கிருந்து மிஷன் வீதி சம்பா கோயில். 1761-ல் பழைய ஆலயம் அழிந்த பிறகு அதே இடத்தில் எழுந்து 1791-ல் முடிந்தது. தெற்கே போனால் முல்லா வீதியில் குத்பா பள்ளிவாசல்.

மாலை நேரம் இருந்தால் அரிக்கமேடு: நகரத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டர்தான். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, ரோமானிய உலகத்தோடு நடந்த வணிகத்தின் தடயங்கள் வெளிவந்த இடம். 'பிரெஞ்சு ஊர்' என்று சொல்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இது துறைமுக ஊராக இருந்தது.

நாம் போவதால் என்ன மாறும்?

ஒருவர் வாய்க்காலைத் தாண்டுவதால் ஒரு திண்ணை தப்பித்துவிடாது. பாரம்பரிய வீட்டைப் பராமரிப்பவருக்கு வரிச் சலுகையோ மானியமோ தருவது, சுண்ணாம்பு வேலைக்கு ஆட்களைத் தயார் செய்வது, இடிக்க அனுமதி தரும் முன் சரிபார்ப்பது எல்லாம் அரசு செய்ய வேண்டியவை. ஆனால் எந்தத் தெருவுக்கு மதிப்பு இருக்கிறது என்று அரசும் வீட்டுக்காரரும் கணக்குப் போடுவது, ஆட்கள் எங்கே நடக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான். மேற்குத் தெருவில் ஒரு டிபன், ஒரு ஹோம்ஸ்டே, கைடுக்கு ஒரு நடைக் கட்டணம் என்று பணம் போனால், பழைய வீட்டை வைத்திருப்பதும் ஒரு வழிதான் என்று ஒரு குடும்பமாவது யோசிக்கும்.

ஆனால் ஒரு கண்டிஷன். மேற்குத் தெருக்களும் இன்னொரு போட்டோ ஸ்பாட்டாக மாறிவிடக் கூடாது. அங்கே திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். அது அவருடைய வீடு. போனை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கலாம்.